கிணற்றைக் காப்பது நம் கடன்



யாழ்ப்பாணக் குடாநாட்டிலே வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரிமழை சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகளினூடே இறங்கி, உவர்நீரின்மேல் நன்னீராய் மிதக்கின்றது. அதுவே நம் குடிநீர். அதுவே நம் தோட்டங்களின் உயிர். பாறைமேல் வடிகட்டப் போதிய மண் இல்லாமையால், மேலே நாம் இடுவது கீழே கிணற்றைச் சேருகின்றது.

மிகையாக இடும் யூரியாவும் மலக்குழிக் கசிவும் நைத்திரேற்றாகி நீரிற் கலக்கின்றன. லீற்றருக்கு 50 மில்லிகிராமே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. அதனை மீறிய கிணறுகள் பலவற்றை ஆய்வாளர் கண்டுள்ளனர். அந்நீரிற் பால்மாக் கரைத்து ஊட்டினால், பச்சிளங் குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கக்கூடும். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று நீங்காது.

சுன்னாகத்தை நாம் மறந்துவிட்டோமா? கிணறுகளில் எண்ணெய் கலந்த வழக்கு 2015 இல் உயர் நீதிமன்றம் சென்றது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியின்படி, மின் உற்பத்தி நிறுவனமொன்று 2 கோடி ரூபா செலுத்துமாறு 2019 ஏப்பிரலில் தீர்ப்பாயிற்று. நீதி கிடைத்தது, மெய்தான். ஆயினும் தீர்ப்பு நட்டத்தை அளக்குமேயன்றிக் கிணற்றைக் கழுவாது.

ஆகவே இரண்டைக் கோருகின்றோம். ஊர்தோறும் கிணற்று நீரை ஆண்டுதோறும் ஆராய்ந்து, முடிவுகளைத் தமிழிலே பிரதேச சபை வாயிலில் ஒட்டுக! கிணற்றருகே மலக்குழி அமைக்க அனுமதி மறுத்திடுக!

நாமும் உரத்தை அளந்தே இடுவோம். அரசைக் கேள்வி கேட்கும் நாம், நம் வேலிக்குள்ளும் நேர்மையாய் இருத்தல் வேண்டும்.