வரைபவரும் வனைபவரும்



மணிமுத்தாற்றங்கரையிலுள்ள விருத்தாசலத்துக்குத் திருமுதுகுன்றம் என்பது பழம்பெயர். பழமலைநாதர் கோயிலால் இவ்வூர்க்கு ஒரு பெருமை. பீங்கான் தொழிலால் மற்றொரு பெருமை. இங்குள்ள தொழிற்பேட்டையில் அகல் விளக்குகளும் பொம்மைகளும் மின்கருவிகளுக்கான பீங்கான் உறுப்புகளும் உருவாகின்றன. அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் நிலையமும் இவ்வூரில் உண்டு. ஆயினும் இன்று நான் முதலில் சொல்லப்போவது ஓர் இத்தாலிய நாற்காலியின் கதை. பீங்கான் ஊருக்கும் நாற்காலிக்கும் என்ன உறவு என்று நீங்கள் வினவலாம். உறவு உண்டு.

மிலான் நகரில் 1891ஆம் ஆண்டு பிறந்த ஜியோ பொந்தி கட்டடக் கலை பயின்றவர். எனினும் 1923 முதல் 1930 வரை ரிச்சர்டு-ஜினோரி என்னும் பீங்கான் நிறுவனத்தின் கலை இயக்குநராக அவர் பணியாற்றினார். பீங்கான் தொழில் வரைபவருக்குப் பணிவைக் கற்பிக்கும். காகிதத்தில் வரைந்த கிண்ணம் அவ்வண்ணமே சூளையிலிருந்து வெளிவருவதில்லை. களிமண் உலரும்போதும் சுருங்கும், வேகும்போதும் சுருங்கும். விளிம்பு மெலிந்தால் கோணும்; கனம் ஒவ்வாவிடில் வெடிக்கும். அச்சை எவ்வளவு பெரிதாக்குவது என்பதை, அச்சு வார்ப்பவரையும் சூளை எரிப்பவரையும் கேட்டே அறியவேண்டும்.

மிலானுக்கு வடக்கே மேடா என்னும் ஊரில் செசாரே, உம்பெர்த்தோ என்னும் கசீனா சகோதரர்கள் 1927இல் மரச்சாமான் தொழிலகம் தொடங்கினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பொந்தி அவர்களுடன் கூடி உழைத்தார். கியாவரி என்னும் கடற்கரை ஊரில் 19ஆம் நூற்றாண்டு முதலே இலேசான நாற்காலிகள் செய்யப்பட்டு வந்தன. அந்தப் பழைய நாற்காலியை அவர்கள் அப்படியே நகல் எடுக்கவில்லை. அதன் இலேசுக்குக் காரணம் யாது என ஆராய்ந்தனர். மாதிரி மேல் மாதிரியாகச் செய்து திருத்தினர். 1957இல் வெளிவந்தது 'சூப்பர்லெஜேரா'. மிக மிக இலேசானது என்று பொருள். முக்கோண வடிவில் இழைத்த அதன் காலின் கனம் 18 மில்லிமீட்டர். நாற்காலியின் எடையோ ஏறத்தாழ 1.7 கிலோ. சிறுவன் ஒருவன் ஒற்றை விரலால் அதைத் தூக்கிவிடலாம். பொந்தியின் கண்ணும் தச்சரின் கையும் ஒருங்கே உழைத்ததன் பயன் இது. மரம் எவ்வளவு மெலிதலைத் தாங்கும் என்பதைத் தச்சுப் பட்டறையன்றிக் காகிதம் சொல்லாது.

இனி நம் ஊருக்கு வருவோம். விற்பனையாகும் ஒரு பொம்மையைக் கண்டால், அதன்மேல் பிளாஸ்டர் வார்த்து அச்செடுத்துவிடுவது எளிது. வரைபவருக்குக் கூலி இல்லை. சிந்தனைக்கும் வேலை இல்லை. ஆனால், மண்ணின் இயல்பை நினைத்துப் பாருங்கள். அந்த அச்சில் வார்த்த பொம்மையும் சூளையில் சுருங்கத்தானே செய்யும்? மூலத்தைவிட நகல் சிறிதாகும். நகலின் நகல் அதனினும் சிறிதாகும். கண்ணும் மூக்கும் மழுங்கும். பிறகு போட்டி விலையில் மட்டுமே நிகழும். விலை குறையக் குறைய, முதலில் குறைவது தொழிலாளியின் கூலியே அன்றோ!

ஆகவே, வரையக் கற்கும் மாணவர்களே, ஒரு நாளேனும் சூளையருகே நின்று பாருங்கள். தொழில் பயில்பவர்களே, நும் கை அறிந்ததை வரைபவருக்குத் தயங்காது சொல்லுங்கள். அவ்விருவரும் ஒரே பலகையில் அமரும் நாளில், நம் மண்ணிலிருந்து நமக்கே உரிய வடிவங்கள் பிறக்கும்.