முதலில் யாரைக் கவனிப்பது?

(மருத்துவ நிர்வாகம் பயிலும் மாணவர்களுக்கும் மாவட்ட அலுவலர்களுக்கும் நிகழ்த்திய உரை)

பற்றாக்குறையான பொருளைப் பகிர்ந்தளிக்கப் பெரிதும் வழக்கத்திலுள்ள முறைகள் இரண்டு. ஒன்று விலை, மற்றொன்று வரிசை. விலை கொடுக்க இயலாதவர்களுக்கென்று அரசு மருத்துவமனைகள் தோன்றியபோது விலை விலகிற்று; அதன் இடத்தில் வரிசை வந்து நின்றது. முன்னால் வந்தவர் முன்னால் என்பது ரேஷன் கடைக்கு நியாயமான விதியே. அரை மணி நேரம் தாமதமாகக் கிடைத்தாலும் சர்க்கரை சர்க்கரைதான். மூச்சுத் திணறும் குழந்தைக்கு அரை மணி நேரம் தாமதமாகக் கிடைக்கும் பிராணவாயுவை அவ்வாறு சொல்ல முடியாது.

மழைக்காலத்தில் ஒரு சமுதாய சுகாதார நிலையத்தைக் கற்பனை செய்து பார்க்கலாம். மருத்துவர் பிரசவ அறையில் இருக்கிறார். வெளியே ஒரே ஒரு செவிலியர், மூன்று தாய்மார்கள். முதலாவதாக வந்த 1 வயதுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. வீறிட்டு அழுகிறது, தம்ளரைக் கண்டால் பாய்ந்து பிடிக்கிறது. இரண்டாவது, 2 வயதுச் சிறுமி, இருமல், காய்ச்சல். மூன்றாவதாக வந்தது 8 மாதக் கைக்குழந்தை. இரண்டு நாளாக வாந்தியும் பேதியும். "இப்போதுதான் அசந்து தூங்குகிறான்" என்கிறாள் தாய், சற்றே நிம்மதியுடன். வரிசைப்படி இக்குழந்தை கடைசி. கூச்சலின்படியும் கடைசி.

செவிலியர் அருகில் சென்று தொட்டு எழுப்புகிறார். குழந்தை விழிக்கவில்லை. கண்கள் குழிந்துள்ளன. வயிற்றின் தோலைக் கிள்ளிவிட்டால் அது பழைய நிலைக்குத் திரும்ப 2 விநாடிக்கு மேல் ஆகிறது. இது தூக்கமன்று, கடுமையான நீரிழப்பு.

அதன் மூச்சையும் ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். எண்ணினால் 56. இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரையுள்ள குழந்தைக்கு 50 என்பதே வரம்பு. ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை 40. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 60. எண்ணை மட்டும் பார்ப்பவர் இதை நிமோனியா என்று முடிவு கட்டக்கூடும். ஆனால் இருமல் இல்லை. மூச்சு இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உட்குழியவில்லை. மூச்சு விரைவாக மட்டுமின்றி ஆழமாகவும் இருக்கிறது. பேதியுடன் பைகார்பனேட் வெளியேறி இரத்தத்தில் அமிலம் மிகும்போது, நுரையீரல் கரியமில வாயுவைக் கூடுதலாக வெளியேற்றி ஈடுகட்ட முயல்கிறது. கோளாறு மூச்சில் தெரிகிறது. காரணம் உடல்நீரிலும் உப்புகளிலும் இருக்கிறது. இக்குழந்தைக்கு வேண்டுவது உடனடியாக நரம்பு வழியே திரவம். எடை 6 கிலோ என்றால், முதல் ஒரு மணி நேரத்தில் 180 மில்லிலிட்டர் ரிங்கர் லாக்டேட். அடுத்த 5 மணி நேரத்தில் 420. நிமோனியா என்று கருதித் திரவத்தைத் தாமதித்தால் குழந்தையை இழக்க நேரிடும். மாறாக, உண்மையிலேயே நிமோனியா கண்ட குழந்தைக்கு அவசரப்பட்டு அதிகமாகத் திரவம் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். இவ்விரண்டையும் பிரித்தறிவதற்கு வேண்டிய கருவி விநாடி முள் உள்ள ஒரு கடிகாரமும் பழகிய கண்ணும்தாம்.

மற்ற இருவரும் கைவிடப்படவில்லை. அழுகிற குழந்தைக்கு உப்பு சர்க்கரைக் கரைசலைத் தாயே கரண்டியால் புகட்டலாம். 8 கிலோ எடைக்கு 4 மணி நேரத்தில் 600 மில்லிலிட்டர். சிறுமியின் மூச்சு 44, நெஞ்சு உட்குழியவில்லை, பிராணவாயு அளவும் சரியாக இருந்தால் வாய்வழி மருந்து போதும். செவிலியரின் முதல் ஐந்து நிமிடங்களைச் சரியாகச் செலவிட்டால் மூவருக்கும் போதுமானதாகிறது. உரத்து அழும் குழந்தைக்குப் பெரும்பாலும் வலு எஞ்சியிருக்கிறது என்பதை அனுபவமுள்ள செவிலியர் அறிவார். அலுவலகக் கோப்புகளுக்கும் இது ஓரளவு பொருந்தும்.

இம்முறை எத்தகைய நெருக்கடியிலும் செயற்படும் என்பதற்கு மேற்கு வங்கத்தின் பன்காவ் சான்று. 1971இல் ஏறத்தாழ 1 கோடி அகதிகள் இந்தியாவுக்குள் வந்தனர். எல்லையோர முகாம்களில் காலரா பரவிற்று. பன்காவ் மருத்துவமனையில் நோயாளிகள் தரையெல்லாம் கிடந்தனர். நரம்பு வழி ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகலனாபிஸ் எடுத்த முடிவு மருத்துவ முடிவு மட்டுமன்று, பங்கீட்டு முடிவும்கூட. எஞ்சிய சலைன் குடிக்கவே இயலாத நிலையில் இருந்தவர்களுக்கு ஒதுக்கப்பட்டது. மற்றவர்களுக்கு லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு கலந்த கரைசல் வாய்வழியே தரப்பட்டது. புகட்டியவர்கள் பெரும்பாலும் உறவினர்களே. முகாம்களில் 100க்கு 30 வரை இருந்த இறப்பு, இச்சிகிச்சை பெற்றவர்களிடையே 4க்கும் கீழே இறங்கிற்று. அவருக்கு 2023இல், மறைவுக்குப் பின், பத்மவிபூஷண் வழங்கப்பட்டது.

அன்றைய கரைசலில் பொட்டாசியம் இல்லை. கையில் கிடைத்ததைக் கொண்டு எளிமையாகத் தயாரிக்க வேண்டியிருந்தது. பின்னர் அது சேர்க்கப்பட்டது. 2002இல் உலக சுகாதார நிறுவனம் சோடியத்தின் அளவை லிட்டருக்கு 90 மில்லிமோலிலிருந்து 75ஆகக் குறைத்தது; இதனால் பின்னர் சலைன் தேவைப்படும் குழந்தைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவர் என ஆய்வுகள் காட்டியிருந்தன. பொட்டாசியத்தில் மட்டும் தனி எச்சரிக்கை வேண்டும். அது குறைந்தால் தசை தளர்கிறது, வயிறு உப்புகிறது, இதயத்துடிப்பு தடுமாறுகிறது. மிகவும் குறைந்தால் மூச்சுத் தசைகளே சோர்ந்துவிடும். இழைப்புக்குத் தரும் சால்புடமால் அதை மேலும் தாழ்த்தக்கூடும். ஆயினும் நீர்த்தல் செய்யாத பொட்டாசியத்தை நரம்பில் நேராகச் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். சிறுநீர் பிரிகிறதா என்று பார்த்த பின்னரே அதைத் திரவத்தில் சேர்ப்பது வழக்கம். அதைப் பார்த்துக் குறித்து வைப்பவரும் செவிலியரே.

2021 ஏப்ரல், மே மாதங்களில் பிராணவாயுத் தட்டுப்பாடு நாட்டையே உலுக்கிற்று. அப்போது மைய அரசின் சிகிச்சை நெறிமுறை நோயாளிகளைப் பிரிக்க இரண்டு எண்களையே முதன்மையாகக் கொண்டது: நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, இரத்தத்தில் பிராணவாயு எத்தனை விழுக்காடு. மூச்சு 30க்கு மேலோ, பிராணவாயு 90க்குக் கீழோ சென்றால் கடுமையான நோய். அதன்பின் பிராணவாயு உற்பத்திக்கூடங்களுக்குப் பெரும் முதலீடு செய்யப்பட்டது, அது வேண்டியதே. ஆனால் குழாயின் மறுமுனையில் எந்த நோயாளி என்பதை உற்பத்திக்கூடம் தீர்மானிப்பதில்லை.

போர் குழு 1946இல் அறிக்கை அளித்தபோது நாட்டில் இருந்த செவிலியர் ஏறத்தாழ 7,000 பேர். இன்று எண்ணிக்கை பன்மடங்கு பெருகியுள்ளது. எனினும் திட்டமிடுவோர் கட்டடத்தையும் கட்டிலையும் எண்ணுகிற கவனத்துடன் செவிலியரின் நேரத்தை எண்ணுவதில்லை. பதிவேடுகளை நிரப்புவதில் கழியும் ஒவ்வொரு மணியும் மூச்சை எண்ணுவதிலிருந்து கழிக்கப்பட்ட மணியாகும். மற்றொரு தடை அதிகாரம் பற்றியது. ஆபத்தைக் கண்டறிந்த செவிலியர் மருத்துவரின் கையொப்பத்துக்காகக் காத்திருந்தால், கண்டறிந்ததில் பயன் ஏது? பிராணவாயு பொருத்தவும், உப்புக் கரைசல் தொடங்கவும், பயிற்சி பெற்றவராயின் முதல் திரவத்தை ஏற்றவும் அனுமதிக்கும் எழுத்து மூலமான நிலையாணை ஒவ்வொரு நிலையத்திலும் சுவரில் ஒட்டப்பட்டிருத்தல் வேண்டும். அதன்படி செயற்பட்டவரைப் பின்னர் விளக்கம் கேட்டு அலைக்கழிக்கவும் கூடாது.

மாவட்ட அலுவலர்கள் ஆய்வுக்குச் செல்லும்போது புறநோயாளிப் பதிவேட்டில் இரண்டு கட்டங்களைக் கேட்கலாம்: நோயாளி வந்த நேரம், செவிலியர் முதன்முதலில் பார்த்த நேரம். அதற்கடுத்து, மூச்சு எண்ணிக்கைக்கு ஒரு கட்டம். இதற்குத் தனி நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை. பழைய பதிவேட்டிலேயே கோடு போட்டுக்கொள்ளலாம்.