துண்டும் ஒப்புரவும்



‘யூத மரபிலும் ஆதித் திருச்சபையிலும் அருளும் ஒப்புரவும்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. எருசலேமுக்குப் பிறகு போவோம். ஊவா மலைகளில் நம் பாட்டன்மார் மடியில் முடிந்து வைத்திருந்த காகிதம் ஒன்று உண்டு: துண்டு.

ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போகிறவர் கையில், அவர் எவ்வளவு பாக்கி என்று எழுதிய துண்டு இருக்க வேண்டும். புதுத் தோட்டம் அதைக் கட்டி ஆளை எடுக்கும். கடன் தீராது, கைமாறும். 1921இல்தான் சட்டம் துண்டையும் ஒழித்து அந்தக் கடன்களையும் ரத்துச் செய்தது.

இயேசு பேசிய அரமேய மொழியில் ‘ஹோபா’ என்றால் கடன். பாவத்துக்கும் அதே சொல்தான். கர்த்தருடைய ஜெபத்தில் மத்தேயு கடன் என்கிறார், லூக்கா பாவம் என்கிறார். நம் பழைய வேதாகமமும் மத்தேயுவில் கடன் என்றே வைத்திருக்கிறது. அதைத் தமிழில் முதலில் வாசித்த தோட்டத்து ஆளுக்கு விரிவுரை எதற்கு?

திராட்சைத் தோட்டத்து வேலையாட்கள் கதையும் அப்படித்தான். கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழுப்பேர், முழு நாள் கூலி! கொழுந்து நிறை குறைந்ததற்கு அரைப்பேர் வாங்கிய பெண்களுக்கு அந்தக் கதை எங்கே குத்தும் என்று எனக்குத் தெரியும். யூத ரபிமாரின் எருசலேம் தல்மூதிலும் இதே போல ஒரு கதை உண்டு. இளமையில் இறந்த ரபி ஒருவருக்கான இரங்கலுரையில் வருவது. அங்கும் கூலி சமம்; ஆனால் அரசன் சொல்லும் காரணம், இவன் இரண்டு மணி நேரத்தில் மற்றவர்களின் நாள் முழுதுக்கும் மேலாகச் செய்தான் என்பது. இதைக் காட்டி யூதருக்கு அருளே தெரியாது என்று பிரசங்கிப்பவர்கள் உண்டு. அது தவறு. 1947 முதல் கும்ரான் குகைகளில் கிடைத்த சுருள்களில், சமூக ஒழுங்குச் சுருளின் முடிவுப் பாடல், மனிதன் நீதிமானாவது கடவுளின் இரக்கத்தால்தான் என்று அறிக்கையிடுகிறது. பவுலுக்கு முந்திய குரல் அது.

ஆனால் இரு மரபும் ஓரிடத்தில் கறாராக நிற்கின்றன. யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவின் யோமா பகுதி சொல்வது: கடவுளுக்கு எதிரான குற்றத்துக்குப் பாவநிவிர்த்தி நாள் போதும், அயலானுக்குச் செய்த குற்றத்துக்கு அவனைச் சமாதானப்படுத்தும் வரை அந்த நாளும் உதவாது. மத்தேயு 5இல் இயேசு காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுச் சகோதரனிடம் போகச் சொல்கிறார். பிலேமோனுக்கு எழுதும்போது பவுல் அவருடைய அடிமை ஒநேசிமுவின் கடனை அழிக்கவில்லை; தன் கணக்கில் ஏற்றிக்கொள்கிறார். யாரோ ஒருவர் கட்டத்தான் வேண்டும்.

நம் சபைகளில் இந்த இடத்தைத் தாண்டி ஓடுகிறோம். அடிபட்டவனிடமே ‘மன்னித்துவிடு’ என்கிறோம்.

யாரும் கட்டாத கடன் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது: பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவ. 2000 ஒக்டோபர் 25 காலை, அங்கிருந்த புனர்வாழ்வு முகாமில் 25க்கும் மேற்பட்ட தமிழ் இளைஞர்கள் கூட்டமாக வந்தவர்களால் அடித்தும் எரித்தும் கொல்லப்பட்டார்கள். 2003இல் மேல் நீதிமன்றம் ஐவருக்கு மரண தண்டனை விதித்தது. 2005இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் தண்டனையில் ஒருவரும் இல்லை.

குருமார்களிடம் ஒரு வேண்டுகோள். வரும் ஒக்டோபர் 25 அன்று சிங்களச் சபைகளும் தமிழ்ச் சபைகளும் சேர்ந்து அந்த இடத்துக்குப் போக வேண்டும். ஆராதனையைத் திரும்பி வந்து வைத்துக்கொள்ளலாம்.