கற்றுத் தேர்ந்த தொழில்



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் வாழும் நம் குடும்பங்களுக்குப் பிள்ளைகள் பட்டம் பெறுவதே பெருங்கனவு. எழுத்து மறுக்கப்பட்ட சமுதாயத்திற்கு அக்கனவு இயல்பானதே. அதனை நாம் குறைத்துப் பேசவில்லை. பட்டம் ஒன்றே கல்வி என்று எண்ணுவது மட்டும் சரியன்று.

தொழில் என்றதும் நம் பெரியோர் முகம் சுளிப்பதற்குக் காரணம் உண்டு. பிறப்பைக் காட்டி நம்மீது சுமத்தப்பட்ட இழிவையும் தொழில் என்றே அழைத்தனர். பாதி நாள் பள்ளி, மீதி நாள் பெற்றோரின் தொழில் என்று 1953இல் இராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம் குலக்கல்வி என்று கண்டிக்கப்பட்டு, 1954இல் காமராசர் ஆட்சியில் கைவிடப்பட்டது. ஆனால் குலத்தொழில் வேறு. கற்றுத் தேர்ந்த தொழில் வேறு. முன்னது பிறப்பால் ஒட்டுவது. பின்னது பயிற்சியாலும் தேர்வாலும் பெறுவது.

இவ்வேறுபாட்டை நன்குணர்ந்தவர் அண்ணல் அம்பேத்கர். 1942இல் வைசிராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராயிருந்தபோது அரசுக்கு அளித்த கோரிக்கை மனுவில், நம் மாணவர்களின் உயர்கல்விக்கு உதவித்தொகை கேட்டார். அத்துடன் அரசு அச்சகங்களிலும் இரயில்வே பணிமனைகளிலும் தொழில் பழகும் வாய்ப்பையும் கேட்டார். ஒன்றுக்காக மற்றொன்றை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர், எலக்ட்ரீசியன் பிரிவுகளில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். பயிற்சி 2 ஆண்டுகள். வெல்டர் பயிற்சி 1 ஆண்டு. அங்கு பெறும் தேசியத் தொழிற் சான்றிதழ் நாடெங்கும் செல்லும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் ஆலைகளில் உதவித்தொகையுடன் பழகும் உரிமையைத் தருகிறது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் அதில் நமக்கு இடஒதுக்கீடு செய்தது. பொன்மலைப் பணிமனையும், பெரம்பூர் இரயில்பெட்டித் தொழிற்சாலையும், நெய்வேலி நிறுவனமும் நமக்குத் தொலைவில் இல்லை. மேலே படிக்கும் வழியும் அடைபடுவதில்லை. 2 ஆண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். அங்கிருந்து பொறியியல் பட்டத்திற்கும் செல்லலாம். சொந்தப் பட்டறை வைக்க விரும்புவோர்க்கு 1974இல் தோன்றிய தாட்கோ துணை உண்டு.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். "உங்களுக்குக் கல்லூரி எதற்கு?" என்று பிறர் நம் பிள்ளைகளைப் பட்டறைக்கு அனுப்பினால் அது பழைய குலக்கல்வியே. தேர்வு பிள்ளையுடையதாக இருக்கட்டும். பெண் பிள்ளைக்கும் அவ்வுரிமை இருக்கட்டும்.

வெள்ளி விழாக் காணும் நம் சங்கம், கல்லூரி மாணவர்க்குக் கைகொடுப்பது போலவே தொழிற்பயிற்சி மாணவர்க்கும் கைகொடுக்க வேண்டுகிறோம். பட்டதாரிக்கு அணிவிக்கும் மாலையைத் தேர்ந்த தொழிலாளிக்கும் அணிவிப்போம். கற்போம், ஒன்றுபடுவோம், உயர்வோம்!