பூனையின் சொறிப்புண்



பூனைக்கு வைத்தியமா என்று சிரிக்காதீங்க. மக்காச்சோளமும் நிலக்கடலையும் அடுக்கி வைத்த வீட்டில் எலியை அடக்குவது அதுதானே! அந்தப் பூனை ஓயாமல் சொறிந்து புண்ணாகி நிற்கும்போது, கையில் கிடைத்ததைத் தடவி விடுகிறோம். புண்ணால் சாகாத பூனை அந்தத் தடவலால் செத்துப்போகும்.

காரணம் இருக்கிறது. பூனை உடம்பை நக்கியே சுத்தம் செய்யும். மேலே தடவியது சற்று நேரத்தில் வயிற்றுக்குள் போய்விடும். பினாயில், பாரசிட்டமால் போன்றவற்றை நம் ஈரல் முறிப்பதுபோல் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. ஒரே ஒரு பாரசிட்டமால் மாத்திரைகூட உயிரை வாங்கிவிடும். ஏலத்தோட்டத்தில் அடித்து மிஞ்சிய மருந்து, நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்து, மண்ணெண்ணெய் எதுவும் ஆகாது. முன்பு பூச்சிக்குத் தூவிய பி.எச்.சி. பொடியை அரசு 1997-லேயே தடை செய்துவிட்டது. எச்சில் வடிந்து, உடம்பு நடுங்கி, பூனை தள்ளாடினால் விஷம் ஏறியிருக்கலாம். உடனே டாக்டரிடம் கொண்டு போங்க. மருந்து டப்பாவையும் எடுத்துப் போங்க.

சரி, அரிப்பு ஏன் வருகிறது? தெள்ளுப்பூச்சி கடிக்கலாம், படை பிடித்திருக்கலாம், சண்டையில் பட்ட காயம் சீழ் வைத்திருக்கலாம். காதோரத்தில் தொடங்கி முகம், கழுத்து என்று பொருக்குத் தட்டினால் பெரும்பாலும் சொறிதான். 1998-க்குப் பிறகு தென்னையில் பரவிய சிலந்திப்பேன் தேங்காய் மட்டையைச் சொறியாக்கியது ஞாபகம் இருக்கும். அதற்குத் தூரத்து உறவான, கண்ணுக்குத் தெரியாத பூச்சி பூனையின் தோலைக் குடைகிறது. இது மற்ற பூனைகளுக்கும் ஒட்டும். தூக்கிக் கொஞ்சும் பிள்ளைகளுக்கும் கொஞ்சநாள் அரிக்கும்.

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவுதான். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்புப் போடுங்க. பூனையைத் துண்டில் சுற்றிப் பிடித்து, அந்தத் தண்ணீரில் சுத்தமான துணியை நனைத்துப் புண்ணைத் துடைங்க. நக்காமலும் சொறியாமலும் இருக்க, அட்டையைப் புனல்போல் வளைத்துக் கழுத்தில் மாட்டுங்க. இரண்டு விரல் நுழையும் இடைவெளி வேண்டும். படுக்கும் சாக்கைச் சுடுதண்ணீரில் அலசி வெயிலில் காய வையுங்க.

பிறகு அரசு கால்நடை மருந்தகத்தில் காட்டுங்க. தேனியில் 2020-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. சொறி என்றால் டாக்டர் எடை பார்த்து மருந்து கொடுப்பார். அரிப்பு நின்றதென்று பாதியில் விடக்கூடாது. வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் சேர்த்தே வைத்தியம் செய்ய வேண்டும். புண்ணில் புழு வைத்தால் ஒருநாளும் தாமதிக்காதீங்க.

கடைசியாக ஒன்று. வலியில் பூனை கடித்தாலோ பிராண்டினாலோ சுண்ணாம்பு, மஞ்சள் வைக்காமல், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்க. அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி பற்றிக் கேளுங்க. வெறிநோய் நாயால் மட்டும் வருவதல்ல. வந்துவிட்டால் பிழைப்பது அரிது.