பூட்டிய கணக்கு



2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தது. கார் நிக்கோபாரில் பல ஊர்கள் அழிந்தன. பெட்டியில் இருந்த போட்டோ, பாஸ்புக் எல்லாம் கடலோடு போயின.

2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடியில் கேபிள் வந்தது. தீவுகளில் இன்டர்நெட் வேகமானது. இன்று பலருடைய படங்கள் கூகுள் கணக்கில் உள்ளன. அலை வந்தாலும் அவை போகாது. ஆனால் கணக்குக்கு உரியவர் இறந்துவிட்டால்? ரகசியச் சொல் அவருக்கு மட்டும்தானே தெரியும். படம் இருக்கும். மனைவியால் பார்க்க முடியாது. 2 ஆண்டுகள் யாரும் திறக்காவிட்டால், கூகுள் அந்தக் கணக்கையே அழித்துவிடலாம்.

வழி இருக்கிறது. “இத்தனை மாதம் நான் வராவிட்டால், இவரிடம் கொடு” என்று கூகுளில் சொல்லி வைக்கலாம். 2013 முதல் இந்த வசதி உண்டு. 3 மாதம் முதல் 18 மாதம் வரை தவணை வைக்கலாம். 10 பேர் வரை பெயர் தரலாம். பேஸ்புக்கிலும் ஒருவரைக் குறிப்பிடலாம். அவரால் உங்கள் மெசேஜைப் படிக்க முடியாது. பயம் வேண்டாம்.

உயிரோடு இருக்கும்போதே சாவுப் பேச்சா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பாங்கில் நாமினி எழுதும்போது யாரும் அப்படிச் சொல்வதில்லையே!

போனில் அனுப்பும் பணம் பாங்கில்தான் இருக்கிறது. மகனுக்குப் பின் நம்பர் தெரிந்தால் போதாது. நாமினி வேண்டும். 2025 நவம்பர் முதல் 4 பேர் வரை எழுதலாம். பாஸ்புக்கைக் கொண்டுபோய், நாமினி பதிவாகியிருக்கிறதா என்று பாங்கில் கேளுங்கள்.