உடம்பு சொல்வதைக் கேட்போம், சொல்லாததைச் சோதிப்போம்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அதனால் மருந்து, மாத்திரை பற்றிப் பேச மாட்டேன். சாப்பாட்டையும் நடையையும் பற்றி மட்டும் கொஞ்சம் பேசுகிறேன்.

எதைச் சாப்பிடலாம், எத்தனை அடி நடக்கலாம் என்று வாட்ஸ்அப்பில் தினமும் பத்துப் பேர் நமக்குச் சொல்கிறார்கள். நம் உடம்பும் சொல்கிறது. அதைக் கேட்கத்தான் நமக்கு நேரமில்லை.

திருக்குறளில் 95ஆவது அதிகாரத்தின் பெயர் ‘மருந்து’. அந்தப் பத்துக் குறளில் ஒரு மூலிகையின் பெயர்கூடக் கிடையாது. முன்பு சாப்பிட்டது செரித்ததா என்று பார், நன்றாகப் பசித்தபின் சாப்பிடு, அளவோடு சாப்பிடு, ஒத்துவராததை விட்டுவிடு என்றுதான் பெரும்பாலும் வருகிறது. கடிகாரத்தைப் பார்க்கச் சொல்லவில்லை, வயிற்றைக் கேட்கச் சொல்கிறார் வள்ளுவர்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல். நம்மில் பலர் மதுரை, திண்டுக்கல், சென்னை என்று கீழே வாழ்ந்துவிட்டு வில்பட்டிக்கு வந்தவர்கள். கீழே பழகிய உடம்பு மேலே வந்ததும் வேறு மாதிரிப் பேசுகிறது.

முதலில் தாகம். குளிரில் தாகம் மந்தமாகிவிடும், சிறுநீர் அதிகமாகப் போகும். வயது ஏற ஏறத் தாக உணர்வே குறையும். ஆக, இங்கே தாகத்தை நம்ப முடியாது. சிறுநீரின் நிறத்தைப் பாருங்கள். அடர் மஞ்சளாக இருந்தால் உடம்பு தண்ணீர் கேட்கிறது. ஃபிளாஸ்க்கில் வெந்நீர் வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இதயம், சிறுநீரகம் காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

அடுத்தது பசி. சாயங்காலம் நான்கு மணிக்கு மூடுபனி இறங்கினால் எல்லோருக்கும் பஜ்ஜி ஞாபகம் வரும். அது பசியா, குளிரா? சுலபமான சோதனை ஒன்று உண்டு. “இரண்டு இட்லி இருக்கிறது, சாப்பிடுகிறாயா?” என்று உங்களையே கேளுங்கள். சரி என்றால் பசி. பஜ்ஜிதான் வேண்டும் என்றால் அது நாக்கு. ஸ்வெட்டரும் சூடான சுக்குக் காபியும் அதற்குப் போதும். இன்னொன்று, வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும். மெதுவாகச் சாப்பிடுகிறவருக்குத்தான் அந்தச் செய்தி நேரத்துக்குக் கிடைக்கும்.

வயிறு உப்புசம் என்று நம் வீட்டுப் பெண்கள் அடிக்கடி சொல்கிறார்கள். கொடைக்கானல் உயரம் சுமார் 2,100 மீட்டர். இந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதனால் பாத்திரத்தில் வைக்கும் பருப்பு லேசில் வேகாது. பட்டர் பீன்ஸ், மொச்சை போன்றவற்றை இரவே ஊறவைத்து, குக்கரில் கூட இரண்டு விசில் விடுங்கள். வேகாத பருப்பைத்தான் பல நேரம் வயிறு வேண்டாம் என்கிறது, பருப்பையே அல்ல.

இனி நடை. இங்கே ஒவ்வொரு மூச்சிலும் கடலோரத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன் குறைவு. கீழே 5,000 அடி நடந்தேன், இங்கேயும் நடப்பேன் என்று பிடிவாதம் வேண்டாம். நடக்கும்போது பேச முடிகிறதா என்று பாருங்கள். பேச முடிந்தால் வேகம் சரி. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியவில்லை என்றால் நின்றுவிடுங்கள். ஏற்றம் மூச்சைக் கேட்கும், இறக்கம் தொடையையும் முழங்காலையும் கேட்கும். இறக்கத்தின் வலி உடனே தெரியாது, மறுநாளோ அதற்கு அடுத்த நாளோதான் வரும். ஆகவே கால் வலித்தால் நேற்றைய கணக்கையும் முந்தாநாள் கணக்கையும் பாருங்கள். தசை வலி இரண்டு மூன்று நாளில் அடங்கும். மூட்டு வீங்கினாலோ, குத்தினாலோ ஓய்வு கொடுங்கள், குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். சில குரல்களைக் கேட்டபின் யோசிக்கவே கூடாது. ஏற்றத்தில் நெஞ்சு இறுகுகிறது, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அதை வாயு என்று ஒதுக்காதீர்கள், அன்றே டாக்டரைப் பாருங்கள். நின்றும் விடவில்லை என்றால் 108. பெரிய ஆஸ்பத்திரிக்கு மதுரை போக மலைப்பாதையில் இறங்கி ஏறத்தாழ 120 கிலோமீட்டர். நாம் தயங்கும் அரைமணி நேரம் அந்தத் தூரத்தோடு சேர்ந்துகொள்ளும்.

கீழே வியர்ப்பது சகஜம். இங்கே சும்மா உட்கார்ந்திருக்கும்போது வியர்த்தால் அது செய்தி. சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவருக்கு வியர்வையோடு நடுக்கமும் வந்தால், சர்க்கரை இறங்கியிருக்கலாம். மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. உடனே 108.

கடைசியாக, உடம்பு சொல்லாமல் மறைப்பவை. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வருடக்கணக்கில் வாய் திறக்காது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வுப்படி தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நூறு பேர் உள்ள கூட்டத்தில் பதினான்கு பேர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். “எனக்கு ஒன்றும் இல்லை, உடம்பு நன்றாக இருக்கிறது” என்பது போதாது. வங்கியில் பணம் சரியாக இருப்பதுபோல் தோன்றினாலும் மாலையில் எண்ணித்தான் கணக்கை முடிப்போம். அதுபோல இரண்டையும் அவ்வப்போது எண்ணிப் பார்க்க வேண்டும். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வந்தே பார்க்கிறார்கள். வந்தால் கதவைத் திறங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். நம் குடியிருப்பில் தனியாக இருக்கும் பெரியவர்கள் சிலர் உண்டு. நடக்கப் போகும்போது அவர்கள் கதவைத் தட்டி அழைத்துச் செல்லுங்கள். பேசிக்கொண்டே நடந்தால் மூச்சின் சோதனையும் ஆயிற்று, துணையும் ஆயிற்று.